ஒளிக்காமல் சொல்லுதல்: எரிக் கிளப்டனின் தன்வரலாறு

தன்வரலாறு என்ற இலக்கிய வகையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தலைவர்களையும் அறிஞர்களையும் எழுத்தாளர்களையுமே எடுத்துக்கொள்கிறோம். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', காந்தியடிகளின் 'சத்திய சோதனை' ஆகியனவே நம் நினைவுக்கு முதலில் வருவன. மேடையில் கிற்றார் வாசித்துப் புகழும் பொருளும் ஈட்டிய ஒருவரின் நூலை இலக்கியப் பகுதியில் எடுத்துப் பேசலாமா என்று சில அன்பர்கள் ஐயுறக்கூடும். பேசலாம் என்பதே என் கருத்து. ஒருவர் தம்மைப் பற்றி உண்மை சொல்லுதல் என்றால் என்ன என்பதே தன்வரலாற்றின் அடிப்படை வினா. அந்த வினாவைக் கூர்மையாக எழுப்பும் நூல்கள் அண்மைப் பத்தாண்டுகளில் றொக் இசைக்கலைஞர்களிடமிருந்து வந்திருக்கின்றன.

பொப் டிலான் 2004 ஆம் ஆண்டில் தமது நினைவுகளின் முதற் பாகத்தை வெளியிட்டார். பட்டி ஸ்மித் 2010 இல் எழுதிய நூல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. அதே ஆண்டில் கீத் றிச்சட்ஸின் நூல் வந்தது. 2016 இல் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் தம்மை வருத்திய மனச்சோர்வு நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இவ்வரிசையில் நான் இங்கு எடுத்துக்கொள்வது ஆங்கிலேயரான எரிக் கிளப்டன் 2007 இல் வெளியிட்ட தன்வரலாறு. கிறிஸ்தோபர் சைமன் சைக்ஸ் என்ற எழுத்தாளரின் துணையோடு உருவான இந்நூல், ஒளிவுமறைவற்றது என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொய்யில் வளர்ந்த பிள்ளை

கிளப்டன் 1945 மார்ச் 30 ஆம் திகதி இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள றிப்லி என்ற கிராமத்தில் பிறந்தார். தாயார் பற்றீசியாவுக்கு அப்போது வயது பதினாறு. தந்தை எட்வேர்ட் பிறையர், உலகப் போருக்காக இங்கிலாந்து வந்திருந்த கனடியப் போர்வீரர். பிள்ளை பிறக்குமுன்பே அவர் போய்விட்டார். மணமாகாத பெண் தாயாவது பெரும் அவமானமாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே குடும்பம் ஒரு பொய்யைக் கட்டியமைத்தது. அம்மம்மா றோஸ் தாயாகவும், அவருடைய இரண்டாவது கணவர் ஜாக் தந்தையாகவும், பெற்ற தாய் தமக்கையாகவும், மாமன் தமையனாகவும் ஆயினர். பற்றீசியா பின்னர் இன்னொரு கனடியப் போர்வீரரை மணந்து ஊரைவிட்டே போனார்.

கொத்தனாராகவும் சாந்து பூசுபவராகவும் வேலை செய்த ஜாக்கின் சிறிய வீட்டில் எரிக் வளர்ந்தார். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆறு ஏழு வயதிலேயே தன்னைச் சுற்றி ஏதோ மறைக்கப்படுகிறது என்ற உணர்வு அவருக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் தணிந்த குரலில் பேசுவதையும், தான் வந்ததும் பேச்சை மாற்றுவதையும் கவனித்தார். சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து உண்மையைத் தாமே கண்டுகொண்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒன்பது வயதில் 'தமக்கை' ஊருக்கு வந்தார். கூடவே அவருக்குப் பிறந்த வேறு பிள்ளைகள். சில நாள்கள் நடிப்புத் தொடர்ந்தது. ஒருநாள் மாலை, வீட்டார் எல்லாரும் கூடியிருக்கையில், இனிமேல் உங்களை அம்மா என்று அழைக்கலாமா என்று சிறுவன் கேட்டுவிடுகிறான். இத்தனை காலம் உன்னை வளர்த்தவர்களையே அம்மா அப்பா என்று அழைப்பதுதான் நல்லது என்று தாய் பதில் சொல்லுகிறார். தாயின் குரலில் கொடுமை இல்லை, இரக்கம்கூட இருக்கிறது. ஆயினும் பிள்ளைக்குக் கதவு மூடப்பட்டுவிட்டது.

இந்தக் காட்சிக்கு நூலில் சில வரிகளே ஒதுக்கப்பட்டுள்ளன. கண்ணீரை வரவழைக்கும் சொற்கள் எவையுமில்லை. அதன்பின் படிப்பில் நாட்டம் போனதையும், பதினொரு வயதுப் பரீட்சையில் தேறாததையும், யாரோடும் ஒட்டாத பிள்ளையாக மாறியதையும் ஒரு மருத்துவக் குறிப்பைப்போல் சொல்லிச் செல்கிறார். தாய்மீது குற்றப்பத்திரிகை வாசிப்பதில்லை. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி எந்த நெருக்கடியில் இருந்திருப்பாள் என்பதை அறுபது வயதில் எழுதும் மகன் விளங்கிக்கொண்டிருக்கிறார்.

இசை புகுந்த வழி

பதின்மூன்று வயதில் ஜேர்மனியில் செய்யப்பட்ட ஹோயர் கிற்றார் ஒன்று கிடைத்தது. கம்பிகள் விரலை வெட்டின. சில காலம் அதைப் போட்டுவைத்தார். மீண்டும் கையில் எடுத்தபோது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை அவரைப் பிடித்துக்கொண்டது. மிசிசிப்பிப் பருத்தி வயல்களை அண்டி வாழ்ந்த ஏழை மக்களிடையே வளர்ந்த இசை அது. தனியொருவன் தன் துயரத்தைத் தானே பாடுவது அதன் இயல்பு. 1938 இல் இருபத்தேழாவது வயதில் இறந்துபோன றொபேட் ஜோன்சன் என்ற கலைஞரின் பழைய ஒலிப்பதிவுகள் 1961 இல் நீள் இசைத்தட்டாக வெளிவந்தன. அந்தத் தட்டைக் கேட்ட இளைஞர் அதற்கு ஈடாக எதையும் பின்னர் காணவில்லை. தாய் தந்தை அற்றவனாகத் தன்னை உணர்ந்த ஓர் ஆங்கிலேயக் கிராமத்துப் பையன், கடல் கடந்த கறுப்பினக் கலைஞரின் தனிமையில் தன்னைக் கண்டான் என்றே இப்பகுதியை நான் வாசிக்கிறேன்.

தொழில் வாழ்வின் முதற் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். 1963 இல் யாட்பேட்ஸ் குழு. அது சந்தைக்கேற்ற பொப் பாடல்களுக்குத் திரும்பியபோது 1965 இல் விலகல். ஜோன் மேயலின் குழு. 1966 முதல் 1968 வரை கிறீம் குழு. கிளப்டனே கடவுள் என்று லண்டன் சுவர்களில் யாரோ எழுதிவைத்த காலம் அது. வயது இருபதைத் தாண்டியவுடன் ஒருவருக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த இருபது ஆண்டுகளின் கதை காட்டுகிறது.

ஒரு நிகழ்ச்சி, இரண்டு நூல்கள்

கிளப்டனின் நண்பர் ஜோர்ஜ் ஹரிசன், பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி பட்டி பொயிட் அக்காலத்தில் புகழ்பெற்ற மொடல் அழகி. நண்பனின் மனைவிமீது கிளப்டன் காதல் கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிசாமியின் லைலா மஜ்னூன் கதையை நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்தார். எட்டாத பெண்ணுக்காகப் பித்தானவனின் கதை. 1970 இல் அவர் உருவாக்கிய 'லைலா' என்ற பாடலுக்குப் பெயர் வந்த வழி இதுவே. பாடல் பின்னர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அன்று அது அந்தப் பெண்ணின் மனத்தை மாற்றவில்லை.

இங்கு வாசகருக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைக்கிறது. கிளப்டனின் நூல் வந்த அதே 2007 ஆம் ஆண்டில் பொயிட் அம்மையாரும் தமது தன்வரலாற்றை வெளியிட்டார். ஒரே நிகழ்ச்சியை இரு பக்கமிருந்தும் பார்க்கலாம். தன்னோடு வராவிட்டால் ஹெரோயினுக்கு அடிமையாகிவிடுவேன் என்று கிளப்டன் மிரட்டியதாக அம்மையார் எழுதுகிறார். அவர் மறுத்தார். கிளப்டன் பின்னர் போதையில் மூழ்கினார். அவருடைய நூலை மட்டும் படித்தவர், மறுத்த அந்தச் சொல்தான் ஒரு மனிதனைப் பாழாக்கியதோ என்று எண்ணக்கூடும்.

கிளப்டனின் நூலைத் திறந்தால் அந்த மிரட்டல் அங்கும் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அப்படி மிரட்டிய வேளையில் தான் ஏற்கெனவே அந்தப் பழக்கத்தில் வெகுதூரம் போய்விட்டதாக அவர் சொல்லுகிறார். அதாவது மிரட்டலே ஒரு பொய். பெண்ணின் இரக்கத்தைப் பறிக்கப் பயன்படுத்திய தந்திரம். இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. காதலில் தோற்றுப் போதையில் வீழ்ந்த கலைஞன் என்ற அழகிய கதை அவருக்குச் சாதகமாக அப்படியே நின்றிருக்கும். அந்தக் கதையை அவரே ஒரு வாக்கியத்தால் உடைத்துவிடுகிறார். ஒரு பெண்ணின் தோளிலிருந்து நெடுநாள் பழியொன்றும் இறங்குகிறது.

இந்த நூல் ஒளிவுமறைவற்றது என்று சொல்வதற்கு நான் காட்டும் முதற் சான்று இதுதான். எத்தனை போத்தல் குடித்தேன், எத்தனை பெண்களோடு பழகினேன் என்று கணக்குச் சொல்வது கடினமன்று. றொக் உலகில் அது ஒருவகைப் பெருமையாகவும் ஆகிவிடும். தமக்கு நன்மை செய்துகொண்டிருக்கும் ஒரு பொய்யைத் தாமே கைவிடுவதுதான் கடினம்.

1979 இல் பொயிட்டை அவர் மணந்தார். அந்தத் திருமணம்கூட, தமது முகாமையாளரோடு செய்த பந்தயத்தின் விளைவாக அவசரமாக நடந்தது என்பதை மறைக்கவில்லை. காதலர்கள் இன்றும் திருமண வீடுகளில் ஒலிக்கவிடும் அவருடைய இனிய பாடலொன்று, விருந்துக்குப் புறப்பட அலங்காரம் செய்துகொண்டிருந்த மனைவிக்காகப் பொறுமையிழந்து காத்திருந்த நேரத்தில் பிறந்தது என்றும் சொல்லிவிடுகிறார். பத்து ஆண்டுகளில் மணமுறிவு வந்தது.

வீழ்ச்சியும் அதன் மொழியும்

1970 களின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிளப்டன் தமது மாளிகைக்குள் ஹெரோயினோடு அடைபட்டுக் கிடந்தார். பிரபு குடும்பத்தைச் சேர்ந்த அலிஸ் ஒம்ஸ்பி-கோர் என்ற இளம்பெண் அவரோடு இருந்தார். அவரையும் தன்னோடு அந்தக் குழிக்குள் இழுத்துக்கொண்டதைக் கிளப்டன் மறைக்கவில்லை. கிளப்டன் மீண்டார். அலிஸ் 1995 இல் அளவுக்கு மீறிய ஹெரோயினால் இறந்தார்.

1971 ஓகஸ்ட் 1 ஆம் திகதி பங்களாதேஷ் அகதிகளுக்காக ஜோர்ஜ் ஹரிசனும் ரவிசங்கரும் நியூயோர்க்கில் நடத்திய இசை நிகழ்ச்சி நம் பிராந்திய மக்களுக்கு மறக்கமுடியாத ஒன்று. அந்த மேடையில் கிளப்டனும் வாசித்தார். அந்த நாளைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. போதைமருந்து கிடைக்காமல் தவித்ததையும், மனத்தளவில் தான் மேடையில் இருக்கவேயில்லை என்பதையும் வெட்கத்தோடு நினைவுகூருகிறார்.

ஹெரோயினை விட்டபின் மது பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுள் பலரும் எடுத்துக்காட்டுவது ஒன்று: தற்கொலை செய்யாமல் இருந்ததற்கு ஒரே காரணம், செத்தபின் குடிக்கமுடியாதே என்ற நினைப்புத்தான் என்கிறார். நகைச்சுவைபோல் தோன்றும். குடிகாரரோடு ஒரு வீட்டில் வாழ்ந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள். உயிர், மனைவி, இசை எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் போத்தல் ஏறி உட்கார்ந்துவிட்ட நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

1982 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனார். அங்கே அவர் கடவுளல்லர். தன் படுக்கையைத் தானே விரித்து, சாப்பாட்டு மேசையை ஒழுங்குபடுத்தவேண்டிய நோயாளிகளுள் ஒருவர். திரும்பிவந்து சில ஆண்டுகளில் மீண்டும் குடித்தார். 1987 இல் இரண்டாம் முறை போனார். 1986 இல் அவருக்கு இத்தாலிய நடிகை லோறி டெல் சாந்தோ மூலம் கொனர் என்ற மகன் பிறந்திருந்தான். தந்தையைக் கண்டறியாத பிள்ளையாக வளர்ந்தவர் தாமே அப்படியொரு தந்தையாகிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். ஒருநாள் அறைக்குள் தனியாக முழந்தாளிட்டு உதவி கேட்டதாக எழுதுகிறார். யாரிடம் கேட்டேன் என்று தமக்கே தெரியாது என்றும் சொல்கிறார். அதன்பின் அவர் குடிக்கவில்லை.

இந்த நூலின் குரல் எங்கிருந்து வந்தது என்பதை இங்குதான் நாம் அறிகிறோம். குடிநோயாளர்கள் ஒருவருக்கொருவர் துணைநின்று மீள்வதற்கான சங்கம் 1935 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தோன்றியது. அதன் பன்னிரண்டு படிகளுள் சில நம் சிந்தனைக்குரியவை. தன் குணங்குறைகளை அஞ்சாமல் கணக்கெடுத்தல். அவற்றை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுதல். தான் தீங்கு செய்தவர்களின் பட்டியலைத் தயாரித்தல். இயன்றவரை அவர்களுக்கு ஈடுசெய்தல். கிளப்டன் இருபது ஆண்டுகள் இத்தகைய கூட்டங்களில் இருந்து பேசியும் கேட்டும் பழகியவர். அங்கே அலங்காரமாகப் பேசினால் யாரும் மதிக்கமாட்டார்கள். அழுது இரக்கம் தேடினாலும் மதிக்கமாட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். நூலின் நடை வறண்டது என்று குறைகூறுவோர் உண்டு. அந்த வறட்சி அந்தக் கூட்டங்களில் கற்ற ஒழுக்கம் என்பதே என் வாசிப்பு.

மகனின் மரணம்

1991 மார்ச் 20 ஆம் திகதி, நான்கரை வயதுக் கொனர் நியூயோர்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 53 ஆவது மாடியில் திறந்திருந்த யன்னலூடாக விழுந்து இறந்தான். முதல்நாள் தந்தையும் மகனும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். செய்தி தொலைபேசியில் வந்தது. தெருவழியே நடந்து அந்தக் கட்டடத்தை அடைந்தபோது, இது வேறு யாருக்கோ நடந்தது என்பதுபோல் மனம் விலகி நின்றதை எழுதுகிறார். பிள்ளையை றிப்லிக் கிராமத்துத் தேவாலய வளவில் அடக்கம் செய்தார்கள்.

பிள்ளைக்காக அவர் பாடிய பாடல் 1992 இல் உலகெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு ஆறு கிறமி விருதுகள் கிடைத்தன. நூலில் இவ்விருதுகளைவிட ஆழமாகப் பதிவது வேறொரு சிறு சம்பவம். மகன் இறந்தபின் குடிநோயாளர் கூட்டமொன்றில் அவர் பேசுகிறார். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து, நான் குடிப்பதற்காக ஒளித்துவைத்திருந்த கடைசிச் சாட்டையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்ற பொருள்பட ஏதோ சொல்கிறார். என் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் அன்றைக்குக் குடிக்கலாம் என்று அந்தப் பெண் மனத்தின் ஒரு மூலையில் அனுமதி வைத்திருந்தாராம். பிள்ளையை இழந்தும் குடிக்காமல் நிற்கும் மனிதரைக் கண்டபின் அந்த அனுமதி இல்லாமற் போயிற்று. மகனின் நினைவுக்குத் தான் செய்யக்கூடிய மரியாதை இதுவே என்று கிளப்டன் அன்று உணர்கிறார்.

1998 இல் கரிபியன் தீவான அன்ரிகுவாவில் போதைக்கு அடிமையானவர்களுக்கான நிலையமொன்றைத் தொடங்கினார். அதற்காக 1999 இல் தமது கிற்றார்களுள் நூறை நியூயோர்க்கில் ஏலத்தில் விற்றார். ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டொலர் கிடைத்தது. ஈடுசெய்தல் என்ற படியை அவர் சொல்லோடு நிறுத்தவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

நூல் தடுமாறும் இடம்

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1976 ஓகஸ்ட் 5 ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரில் நடந்த இசை நிகழ்ச்சியில் குடிபோதையில் நின்ற கிளப்டன், குடியேறி வந்த மக்களுக்கு எதிராக மேடையிலிருந்து வசைமொழிந்தார். குடியேற்றத்தை எதிர்த்து 1968 இல் அதே நகரில் பேசிப் பெயர்கெட்ட அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரிக்கும்படியும் கேட்டார். பேர்மிங்ஹாம் மேற்கிந்தியத் தீவினரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் பெருமளவில் வாழும் நகரம். இந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாகவே 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்ற இயக்கம் அதே ஆண்டில் பிரித்தானியாவில் தோன்றியது. கறுப்பின மக்களின் புளூஸைக் கற்று உயர்ந்தவர், 1974 இல் ஜமேக்கக் கலைஞர் பொப் மார்லியின் பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றவர் இப்படிப் பேசினார் என்பதே பலரைத் திடுக்கிடச் செய்தது.

நூலில் இந்நிகழ்ச்சிக்குச் சிறிய இடமே உண்டு. அங்கே மொழி திடீரென மாறுகிறது. இன வெறுப்பு நோக்கமன்று, அரசின் அக்காலக் கொள்கைமீதான தாக்குதலே அது என்ற வகையில் விளக்கம் வருகிறது. பொயிட்டைப் பற்றி எழுதுகையில் 'நான் பொய் சொன்னேன்' என்று நேராக நின்ற வாக்கியம், இங்கே காரணங்களின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. யாரைப் பார்த்துப் பேசினாரோ அந்த மக்கள் இப்பகுதியில் முகமற்றவர்களாகவே இருக்கிறார்கள். தாம் தீங்கு செய்தவர்களின் பட்டியலில் மனைவி இருக்கிறார், காதலி இருக்கிறார், நண்பன் இருக்கிறார். அன்றிரவு அந்த மண்டபத்தில் தோலின் நிறத்தால் தலைகுனிந்து இருந்திருக்கக்கூடிய ஒரு ரசிகன் அந்தப் பட்டியலில் இல்லை. நம் உறவினர் பலரும் அந்த நாட்டில் குடியேறி வாழ்வதால் இந்த விடுபாடு நம் கண்ணில் விரைவாகப் படுகிறது.

பத்தாண்டுகளின் பின், தமது வாழ்க்கையைப் பற்றிய ஆவணப் படமொன்று வெளிவந்த வேளையில், 2018 ஜனவரியில், அந்தப் பேச்சுக்காகத் தாம் வெட்கப்படுவதாகக் கிளப்டன் வெளிப்படையாகக் கூறினார். நூலில் வரவேண்டியது பிந்தி வந்தது எனலாம். உண்மை சொல்லும் ஆற்றல் ஒருவருக்கு ஒரே நாளில் முழுதாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் இது காட்டுகிறது.

வாசகர் எதைத் தேடுகிறார்?

இத்தகைய நூலை வாங்குவோர் பலவகையினர். இசைப் பிரியர், எந்தப் பாடல் எந்தக் கிற்றாரில் வாசிக்கப்பட்டது என்று தேடுவார். அவருக்கு இந்நூலில் ஓரளவே தீனி உண்டு. வம்பு தேடுவோர் முதல் நூறு பக்கங்களுக்குள் மகிழ்ந்துவிடுவர். பிற்பகுதி அவர்களுக்குச் சலிப்பூட்டும். மனைவி, மூன்று பெண்பிள்ளைகள், மீன்பிடித்தல் என்று அமைதியான வாழ்க்கை. மூன்றாவது வகையினர், குடியால் வருந்தியவர்களும் அவர்களின் வீட்டாரும். 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் இந்நூலுக்கு மதிப்புரை எழுதியவர் புகழ்பெற்ற கதாசிரியர் ஸ்டீபன் கிங். அவரும் குடியிலிருந்து மீண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிற்பகுதியின் சலிப்பூட்டும் அமைதி எவ்வளவு விலைகொடுத்து வாங்கப்பட்டது என்பது இந்த மூன்றாம் வகையினருக்குத்தான் விளங்கும்.

உயர்தர வகுப்பில் தன்வரலாறு பற்றிப் பேசியபோது இந்நூலின் சில செய்திகளை எடுத்துச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "சேர், செய்த பிழை எல்லாத்தையும் சொல்லிப்போட்டால் அவர் நல்ல ஆளாகிடுவாரா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. நல்ல மனிதரா என்பது வேறு, நல்ல சாட்சியா என்பது வேறு என்று நான் விடை கூறினேன். வாழ்க்கைக்குத் தீர்ப்பு வழங்குவது வாசகரின் வேலையன்று. சாட்சி எந்த இடத்தில் நேராகப் பேசுகிறார், எந்த இடத்தில் மழுப்புகிறார் என்று கவனிப்பதே நம் வேலை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரூசோ தமது 'ஒப்புதல்கள்' நூலில், இளமையில் தான் திருடிய பட்டு நாடா ஒன்றுக்காகப் பணிப்பெண் ஒருத்தியின்மீது பழிசுமத்தியதை எழுதினார். அவர் எழுதிய வேறு பல அந்தரங்கங்களைவிட இதுவே வாசகர் நெஞ்சில் தைத்தது. காரணம், அங்கே இன்னொரு மனிதர் இருக்கிறார். காந்தியடிகள் தந்தையிடம் கடிதம் எழுதிக் களவை ஒப்புக்கொண்ட இடமும் அவ்வாறே. நாம் அங்கே காண்பது களவை மட்டுமன்று, கடிதத்தை வாசித்த தந்தையின் கண்ணீரையும்தான். ஒருவர் தம் வெட்கத்தை எவ்வளவு காட்டினார் என்பது ஒளிவின்மைக்கு அளவுகோலாகாது. தம்மால் புண்பட்டவரை அவர் எவ்வளவு தெளிவாகக் காண்கிறார் என்பதே அளவுகோல். கிளப்டனின் நூல் அந்த அளவுகோலில் பல இடங்களில் நிமிர்ந்து நிற்கிறது, ஓரிடத்தில் குனிகிறது.

இனி நூலின் தொடக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். அந்தச் சிறுவனைச் சுற்றிப் பொய் கட்டியவர்கள் கெட்டவர்களல்லர். அவனையும் அவன் தாயையும் ஊரின் வாயிலிருந்து காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள். ஆயினும் அந்தப் பொய் அவனுடைய வாழ்க்கையின் முதல் நாற்பது ஆண்டுகளைத் தின்றுவிட்டது. தந்தையின் அடையாளம்கூடக் கனடியப் பத்திரிகையாளர் ஒருவரின் முயற்சியால் 1998 இல்தான் உறுதியாயிற்று. தந்தை இறந்தோ அப்போது பதின்மூன்று ஆண்டுகள். இத்தகைய மனிதர் அறுபதைத் தாண்டியபின் தம் பிள்ளைகள் படிக்கக்கூடிய ஒரு நூலில் உண்மையை எழுதிவைக்கிறார். அவருடைய பெண்பிள்ளைகள் தந்தையைப் பற்றி ஒட்டுக்கேட்டு அறியவேண்டிய தேவை இனி இல்லை.

நம் வீடுகளிலும் மானம் கருதி மூடிவைத்த செய்திகள் உண்டு. குடித்துக் கெட்ட பெரியப்பாவைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பெரியவர்கள் பேச்சை மாற்றும்போது பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள் என்பதையும் நாம் எண்ணுவதில்லை. றொக் இசையில் நாட்டமில்லாத வாசகர்களுக்கும் இந்நூலைப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.